வெற்றுரைச் செய்திபடிப்பியில் பன்மொழியும் பல்லூடகமும்: க்னூஸ் மென்பொருளின் வளர்ச்சி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கணினி வலையமைப்பின் முதல் தலைமுறைச் செய்திபடிப்பிகள் ஆங்கில எழுத்துகளாலான வெற்றுரையைக் காட்டுவதற்கென எழுதப்பட்டவை. அவற்றுள் ஒன்றான க்னூஸ், 1980களின் இறுதியிலிருந்து 2009 வரையிலான காலத்தில் பல மொழி எழுத்துகளையும் படம், ஒலி முதலிய ஊடகங்களையும் ஏற்கும் மென்பொருளாக மாறியது. அம்மாற்றத்தின் படிநிலைகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. பன்மொழி ஆதரவும் பல்லூடக ஆதரவும் ஒரே சிக்கலின் இரு முகங்களாகவே இருந்தன என்பதை இது நிறுவ முயல்கிறது. செய்தியின் மூல வடிவத்தைக் காட்சி வடிவத்திலிருந்து பிரிப்பதும், அவ்விரண்டையும் இணைக்கும் பெயர்க்குறிப்பைச் செய்தியிலேயே பதிப்பதும் அச்சிக்கலின் தீர்வாயின. குறியேற்றத்துக்குரிய பெயர் உரிய காலத்தில் பதிவான ஜப்பானிய மொழியும், அது மிகத் தாமதமாகப் பதிவான தமிழும் அடைந்த வெவ்வேறு நிலைகள் இக்கருத்துக்குச் சான்றாகின்றன.

திறவுச்சொற்கள்: செய்திபடிப்பி, யூஸ்நெட், க்னூஸ், ஈமாக்ஸ், மைம், மியூல், குறியேற்றம், திஸ்கி, ஒருங்குறி.

முன்னுரை

கணினித்தமிழ் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் முதன்மைப்படுத்துவர். எழுதப்பட்ட உரை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் சென்று, அங்கே எழுதியவாறே படிக்கப்படுவதற்கு இடையில் நின்ற மென்பொருள்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஓர் எழுத்து திரையில் தோன்றுவது ஒரு சிக்கல். அது அனுப்பப்பட்டு, மறுமுனையிலும் அதே எழுத்தாக அடையாளம் காணப்படுவது வேறொரு சிக்கல். இரண்டாவது சிக்கல் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதை அறியச் செய்திபடிப்பிகளின் வரலாறு துணைபுரியும்.

யூஸ்நெட் 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களால் திட்டமிடப்பட்டு, 1980இல் செயற்படத் தொடங்கியது. பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்ட செய்திக்குழுக்களில் ஒருவர் எழுதும் செய்தி, கணினிக்குக் கணினி நகலெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவும். அதைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் பயன்படும் மென்பொருளே செய்திபடிப்பி. ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பிக்குள் இயங்கிய க்னூஸ் அவ்வகையில் புகழ்பெற்ற ஒன்று. அதை முதலில் எழுதியவர் ஜப்பானின் மசனோபு உமேதா. 1994ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நார்வேயின் லார்ஸ் மாக்னெ இங்கெபிரிக்ட்சென் அதை முற்றிலும் திருத்தி எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவரின் கைகளில் இம்மென்பொருள் வளர்ந்தது என்பது, அது கடந்துவந்த பாதையைப் புரிந்துகொள்ள உதவும் செய்தியாகும்.

ஏழு பிட் உலகம்

யூஸ்நெட் செய்தியின் அமைப்பை 1987 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1036 வரையறுத்தது. ஒரு தலைப்பகுதி, ஒரு வெற்று வரி, அதன்பின் உடற்பகுதி என்பதே அவ்வமைப்பு. செய்திகளைக் கணினிகளுக்கிடையே கொண்டுசெல்லும் நெறிமுறையை 1986 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 977 வகுத்திருந்தது. அதன்படி நெறிமுறையின் கட்டளைகளும் மறுமொழிகளும் ஆஸ்கி எழுத்துத்தொகுதியைச் சேர்ந்தவை; ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகள் போதும்; எட்டாவது பிட்டு சுழியமாக இருத்தல் வேண்டும். ஆஸ்கியில் 128 இடங்களே உண்டு. ஆங்கிலத்தின் பேரெழுத்து, சிற்றெழுத்து, எண், நிறுத்தக்குறி, கட்டுப்பாட்டுக் குறி ஆகியவற்றால் அவை நிறைந்துவிடுகின்றன.

இவ்வமைப்பில் செய்திபடிப்பியின் பணி எளிது. வந்த பைட்டுகளை அவ்வாறே திரையில் இட்டால் போதும். செய்தியின் மூல வடிவமும் காட்சி வடிவமும் ஒன்றே. இந்த ஒருமை ஓர் இயல்பான உண்மைபோல் தோன்றியமைக்குக் காரணம், அது ஆங்கிலத்துக்குப் பொருந்தியதேயாகும்.

பிற பொருள்களை அனுப்ப விரும்பியோர் அவற்றை எழுத்துவேடமிட்டு அனுப்பினர். யூயூஎன்கோடு என்னும் முறை மூன்று பைட்டுகளை நான்கு ஆஸ்கி எழுத்துகளாக மாற்றியது. ஒரு வரியில் 45 பைட்டுகள் 60 எழுத்துகளாக அமையும். வரியின் முதலில் நீளத்தைக் குறிக்கும் ஓரெழுத்து நிற்கும். பெரிய படங்கள் பல செய்திகளாகத் துண்டிக்கப்பட்டுப் பொருள்வரியில் 'ஐந்தில் ஒன்று', 'ஐந்தில் இரண்டு' என எண்ணிட்டு அனுப்பப்பட்டன. படிப்பவர் அவற்றைத் தேடிச் சேர்த்து, வரிசைப்படுத்தி, மீண்டும் படமாக மாற்ற வேண்டியிருந்தது. இவ்வேலையைத் தானாகச் செய்யும் க்னூஸ்-யூயூ என்னும் துணைநிரலை 1993இல் எழுதியவர் இங்கெபிரிக்ட்சென். க்னூஸைத் திருத்தி எழுதுவதற்கு முன்பே, அதில் படங்களைப் பெறும் வழியைத்தான் அவர் முதலில் தேடினார்.

முகப்படம் அனுப்பும் வழக்கமும் இக்காலத்ததே. எக்ஸ்-ஃபேஸ் என்னும் தலைப்பு வரியில் 48 புள்ளி அகலமும் 48 புள்ளி உயரமும் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் சுருக்கப்பட்டு எழுத்துகளாக இடம்பெற்றது. அதன் 2304 புள்ளிகளுக்குச் சுருக்கும் முன் 288 பைட்டுகளே தேவை. ஆதரவில்லாத செய்திபடிப்பியில் அது பொருளற்ற எழுத்துக்கோவையாகத் தோன்றும். ஆதரவுள்ளதில் எழுதியவரின் முகமாகும். ஒரே மூலம் இருவேறு காட்சிகளைத் தரக்கூடும் என்பதை வெற்றுரை உலகுக்கு உணர்த்திய தொடக்ககாலச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

ஜப்பானிய வழக்கம்: பெயருக்கு முந்திய நடைமுறை

ஜப்பானில் 1984இல் ஜூன் முராய் தொடங்கிய ஜூநெட் வலையமைப்பு, ஏழு பிட்டுத் தடையை மீறாமலேயே ஜப்பானிய மொழியில் எழுதும் முறையைக் கைக்கொண்டது. உரையின் இடையில் 'எஸ்கேப்' என்னும் கட்டுப்பாட்டுக் குறியும் அதைத் தொடர்ந்து இரண்டு ஆஸ்கி எழுத்துகளும் வந்தால், அதன்பின் வருபவற்றை இரண்டிரண்டு பைட்டுகளாகச் சேர்த்து ஜப்பானிய எழுத்துகளாகக் கொள்ள வேண்டும். மற்றொரு குறித்தொடர் வந்ததும் ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டும். 'எஃப்.ஜே.' என்னும் முன்னொட்டுடைய செய்திக்குழுக்களில் இதுவே வழக்கமாயிற்று.

ஏழு பிட்டுக்குள் அடங்கியபோதிலும் இம்முறை முழுப் பாதுகாப்பைத் தரவில்லை. கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் குறியை வழியிலுள்ள மென்பொருள் ஒன்று நீக்கிவிட்டால், ஜப்பானிய உரை முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகிவிடும். அக்காலத்து ஜப்பானிய எழுத்துமாற்றக் கருவியான என்.கே.எஃப்., எஸ்கேப் குறியை இழந்த உரையை மீட்பதற்கெனத் தனித் தெரிவு ஒன்றைக் கொண்டிருந்தது. பழைய பி-நியூஸ் மென்பொருளைப் பயன்படுத்தும் இடங்களுக்கு அது உதவும் என அதன் கையேடு குறிப்பிடுகிறது. ஒரே ஒரு கட்டுப்பாட்டுக் குறி போனால் மொழியே போய்விடும் நிலை இருந்தது என்பதற்கு இக்கருவி சான்றாகும்.

இந்த வழக்கத்துக்கு 'ஐ.எஸ்.ஓ.-2022-ஜே.பி.' என்னும் பெயரை 1993 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 1468 வழங்கியது. ஜூன் முராய், மார்க் கிறிஸ்பின், எரிக் வான் டெர் போல் ஆகியோர் அதை எழுதினர். நடைமுறை முன்னரே இருந்தது. பெயர் பின்னர் வந்தது. எனினும், கீழே காணவிருக்கும் மைம் வரையறை வெளிவந்த ஓராண்டுக்குள் அப்பெயர் பதிவாகிவிட்டமை ஜப்பானிய மொழியின் நல்வாய்ப்பாயிற்று. உடற்பகுதியை அடிப்படை-64 முதலிய முறைகளில் மீண்டும் குறியேற்றினால் அன்றைய ஜூநெட் மென்பொருள்களால் அதைப் படிக்க இயலாது என்று அவ்வாவணமே எச்சரித்தது. புதிய நெறியை ஏற்கும்போது பழைய வாசகரைக் கைவிடக் கூடாது என்னும் கவலை அதில் வெளிப்படுகிறது.

இதே காலத்தில் சுகுபாவிலிருந்த மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கெனிச்சி ஹன்டாவும் உடன் பணியாற்றியோரும் ஈமாக்ஸைப் பல மொழிகளுக்கு விரிவாக்கினர். முதலில் ஜப்பானியத்துக்கென உருவான நீமாக்ஸ், பின்னர் பல மொழிகளுக்குரிய மியூல் ஆயிற்று. மியூலின் பதிப்புகளுக்குக் கெஞ்சி கதை என்னும் ஜப்பானியச் செவ்விலக்கியத்தின் அதிகாரப் பெயர்கள் சூட்டப்பட்டன. மியூலில் ஓர் எழுத்து, தான் எந்த எழுத்துத்தொகுதியைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும் முன்பைட்டுடன் சேமிக்கப்பட்டது. ஆதலால் ஒரே பக்கத்தில் கிரேக்கமும் கொரியமும் சீனமும் கலவாமல் நின்றன. ஹன்டா இணையாசிரியராக இருந்து 1993 டிசம்பரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1554, இப்பன்மொழித் திறனைச் செய்திகளுக்கும் நீட்டிக்கும் ஐ.எஸ்.ஓ.-2022-ஜே.பி.-2 என்னும் குறியேற்றத்தை விளக்கியது.

மைம்: செய்தி தன்னைப் பற்றிக் கூறுதல்

1992 ஜூனில் நத்தானியல் போரன்ஸ்டீன், நெட் ஃபிரீட் ஆகியோரின் ஆர்.எஃப்.சி. 1341 வெளியாயிற்று. மைம் எனப்படும் இவ்வரையறை, செய்தியின் தலைப்பகுதியில் மூன்று செய்திகளைப் பதிக்க வகைசெய்தது. முதலாவது, உள்ளடக்கத்தின் வகை: உரையா, படமா, ஒலியா, பல பகுதிகளின் தொகுப்பா என்பது. இரண்டாவது, உரையாயின் அதன் எழுத்துத்தொகுதியின் பெயர். மூன்றாவது, வழியில் சிதையாதிருக்க அது எவ்வாறு மாற்றப்பட்டுள்ளது என்பது. தலைப்பு வரிகளில் ஆஸ்கி அல்லாத எழுத்துகளை இடும் முறையைக் கீத் மூரின் ஆர்.எஃப்.சி. 1342 தனியே வகுத்தது. இவை 1996 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 2045 முதல் 2049 வரையிலான ஐந்து ஆவணங்களாக மறுவடிவம் பெற்றன.

மைமின் பெருமை பொதுவாகப் படத்தையும் ஒலியையும் சார்ந்து பேசப்படுகிறது. 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டீன் தம் பாடற்குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து அனுப்பிய செய்தி அடிக்கடி நினைவுகூரப்படுவதுண்டு. ஆயினும் எழுத்துத்தொகுதியின் பெயரைக் குறிக்கும் சிறு சொல்லே நெடுங்கால விளைவை ஏற்படுத்தியது. அதுவரை படிப்பவரின் ஊகத்துக்கு விடப்பட்டிருந்த செய்தியின் மொழி, இப்போது எழுதியவரின் அறிவிப்பாக மாறியது.

மைமைச் செய்திபடிப்பிகளில் சேர்க்க முதலில் கிடைத்த வழி, பெல்கோர் நிறுவனம் வெளியிட்ட மெட்டாமெயில் என்னும் புறநிரல். எந்த வகை உள்ளடக்கத்துக்கு எந்த நிரலை இயக்குவது என்பதை மெயில்கேப் என்னும் கோப்பு வரிவரியாகக் கூறும். செய்திபடிப்பி செய்தியை மெட்டாமெயிலிடம் ஒப்படைத்துவிடும். ஈமாக்ஸிலிருந்து அதை அழைக்கும் இடைமுகத்தை எழுதியவரும் உமேதாவே.

இம்முறையில் மொழி நடத்தப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. எபிரேய உரை வந்தால், எபிரேய எழுத்துருவைக் கொண்ட தனிச் சாளரத்தைத் திறக்கும் துணைநிரல் இயங்கும். மெயில்கேப் வரையறையான ஆர்.எஃப்.சி. 1524 இதையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. அதாவது, படத்துக்குப் படங்காட்டி போல, வேற்றுமொழி உரைக்கு ஒரு மொழிகாட்டி தேவைப்பட்டது. ஆங்கிலம் மட்டுமே உரை. மற்ற மொழிகள் பார்வைக்குரிய பொருள்கள் என்னும் நிலையே அங்கே நிலவியது. தனிச் சாளரத்தில் தோன்றிய உரையை மேற்கோள் காட்டி மறுமொழி எழுதுதலோ, அதில் ஒரு சொல்லைத் தேடுதலோ செய்திபடிப்பிக்குள் நிகழ இயலாதவை.

மூல இடையகமும் காட்சி இடையகமும்

இக்குறையைப் போக்கும் முயற்சி மீண்டும் ஜப்பானிலிருந்தே வந்தது. தொமொஹிகோ மொரியோகா உருவாக்கிய டி.எம்., பின்னர் அதன் வழிவந்த செமி, ஃபிளிம் ஆகிய நிரல்தொகுப்புகள், மைம் செய்தியைப் பிரித்தறியும் பணியை ஈமாக்ஸுக்குள்ளேயே கொண்டுவந்தன. இவற்றின் வெளியீடுகளுக்கு ஜப்பானிய ரயில் நிலையங்களின் பெயர்கள் இடப்பட்டன. மியூல் ஏற்கெனவே எழுத்துகளைக் காட்ட வல்லதாகையால், மொழிக்கெனத் தனிச் சாளரம் தேவையற்றதாயிற்று.

இவற்றின் அடிப்படைக் கோட்பாடு எளியது. வந்த செய்தி அப்படியே ஓர் இடையகத்தில் பைட்டுகளாக வைக்கப்படும். அது மூல இடையகம். அதைப் பகுத்துப் பெற்ற வடிவம் வேறோர் இடையகத்தில் எழுதப்படும். அது காட்சி இடையகம். படிப்பவர் காண்பது இரண்டாவதை. அதிலுள்ள ஒவ்வொரு பகுதியும் தன் மூலப் பகுதியோடு தொடர்புடையதாக இருக்கும். ஆகவே ஒரு பகுதியைச் சேமிக்கவோ, இயக்கவோ, வேறு எழுத்துத்தொகுதியில் மீண்டும் படிக்கவோ முடியும். மூலமும் காட்சியும் ஒன்றே என்னும் ஏழு பிட் உலகின் எண்ணம் இங்கே முறையாகக் கைவிடப்பட்டது.

எழுதும் பக்கத்திலும் ஒரு தீர்வு வேண்டியிருந்தது. வெற்றுரைத் தொகுப்பியில் படத்தை எவ்வாறு 'எழுதுவது'? உமேதா எழுதிய மைம் இயற்றி என்னும் நிரல், பகுதியின் வகையைக் கூறும் ஓர் அடையாள வரியை உரைக்கிடையே இட்டது. அனுப்பும் வேளையில் அவ்வரிகள் முறையான மைம் பகுதிகளாக மாறின. இந்நிரலே டி.எம்., செமி ஆகியவற்றின் எழுதுமுறைக்கு அடித்தளமாயிற்று. முதல் க்னூஸின் ஆசிரியர் தம் மென்பொருளை மற்றொருவரிடம் விட்ட பின்னும், அதன் பல்லூடக முறையில் அவருடைய பங்கு தொடர்ந்தது.

டெரோடாக்டைல் க்னூஸ்

இங்கெபிரிக்ட்சென் திருத்தி எழுதிய ஐந்தாம் தலைமுறை க்னூஸ், 1995 நவம்பரில் ஈமாக்ஸ் 19.30உடன் வெளிவந்தது. அது மைமுக்குப் புறநிரல்களையே நம்பியிருந்தது. 1997 செப்டம்பரில் வெளிவந்த ஈமாக்ஸ் 20, மியூலைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. அதன் பின்னர், பன்மொழித் திறன் தனியாகச் சேர்க்கப்பட வேண்டிய ஒன்றாக இல்லாமல், தொகுப்பியின் இயல்பாயிற்று. செய்திபடிப்பி மட்டும் பழைய நிலையில் நிற்க இயலவில்லை.

1998 ஆகஸ்ட் 29 அன்று டெரோடாக்டைல் க்னூஸ் என்னும் பெயரில் புதிய வளர்ச்சிப் பணி தொடங்கியது. 99 முன்வெளியீடுகளுக்குப் பின், 1999 டிசம்பர் 3 அன்று அது க்னூஸ் 5.8 ஆக வெளிவந்தது. மைமைப் பகுத்தறியும் நூலகங்கள் அதற்கெனப் புதிதாக எழுதப்பட்டன. எழுதும் பக்கத்தில் எம்.எம்.எல். என்னும் அடையாள மொழி உருவாக்கப்பட்டது. இதனால் செமி வழியும் க்னூஸின் சொந்த வழியும் தனித்தனியே நின்றன. எல்லா அஞ்சல்படிப்பிகளுக்கும் பொதுவான ஒரே நூலகம் என்பது முன்னதன் நோக்கம். நிறுவியவுடன் வேறெதுவும் வேண்டாமல் இயங்கும் செய்திபடிப்பி என்பது பின்னதன் பயன். செமியோடு இணைத்த செமி-க்னூஸ், டி-க்னூஸ் ஆகிய கிளைகள் ஜப்பானியப் பயனரிடையே தனியே வளர்ந்தன.

க்னூஸ் 5.8இன் ஒரு நடைமுறை இக்கட்டுரையின் கருத்துக்குத் தெளிவான சான்றாகும். எழுதி முடித்த செய்தியை அனுப்பும்போது, அதிலுள்ள எழுத்துகளை ஆராய்ந்து பொருத்தமான எழுத்துத்தொகுதியை மென்பொருளே தேர்ந்தெடுக்கும். நார்வேஜிய உரையும் ரஷ்ய உரையும் ஒரே செய்தியில் இருந்து, இரண்டையும் ஏற்கும் தொகுதி எதுவும் இல்லையாயின், உரை வெவ்வேறு பகுதிகளாகத் துண்டிக்கப்படும். அவ்வாறு துண்டிக்க வேண்டியிருப்பதை அறிவித்து, அனுப்பலாமா என்று எழுதுபவரிடம் கேட்கப்படும். இரு மொழிகளில் எழுதிய ஒரு மடல், படமும் உரையும் கலந்த மடலைப் போலவே பல பகுதிச் செய்தியாயிற்று. பன்மொழியும் பல்லூடகமும் ஒரே பொறியால் இயங்கின என்பதற்கு இதனினும் நேரடியான சான்று தேவையில்லை. ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 குறியேற்றம் பரவிய பின்னரே இத்துண்டிப்புக்குத் தேவை அற்றுப்போயிற்று.

படத்தைப் பொறுத்தவரை, உரைக்கிடையே படம் காட்டும் திறன் ஈமாக்ஸுக்கு 2001 அக்டோபரில் வெளியான 21ஆம் பதிப்பில் வந்தது. கிளைமென்பொருளான எக்ஸ்ஈமாக்ஸ் அதை முன்பே பெற்றிருந்தது. எழுத்துமுனையத்தில் இயங்கும்போது படம் இருக்கும் இடத்தில் அதன் வகையையும் பெயரையும் கூறும் ஒரு வரி நிற்கும். வெற்றுரையைப் பயன்படுத்துவோரை இம்மாற்றம் வெளியேற்றவில்லை.

பெயரில்லாச் செய்திகள்

பெயர்க்குறிப்பு முறை வந்ததும் எல்லாரும் அதைப் பின்பற்றிவிடவில்லை. யூஸ்நெட்டில் பெயர் கூறாமலேயே எட்டு பிட் எழுத்துகளை அனுப்பும் வழக்கம் பல மொழிக் குழுக்களில் வேரூன்றியிருந்தது. ரஷ்யக் குழுக்களில் கே.ஓ.ஐ.8, தைவான் குழுக்களில் பிக்-5 எனச் சமூக வழக்கமே குறியேற்றத்தைத் தீர்மானித்தது. மைம் முறையின் ஒரு வடிவமான கோட்டட்-பிரின்டபிள், ஆஸ்கிக்கு வெளியிலுள்ள ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரு பதினறும எண்ணுருக்களுமாக மாற்றியது. பழைய செய்திபடிப்பியில் அத்தகைய உரை படிக்கத்தக்கதாக இல்லை. அதை நீக்கிக் காட்டும் க்னூஸ் கட்டளையின் பெயரிலேயே 'படிக்கவியலாதது' என்னும் பொருள்தரும் எள்ளற்சொல் இடம்பெற்றுள்ளது.

இந்நிலைக்குக் க்னூஸ் கண்ட தீர்வு, குழுவின் பெயரை மொழியின் பெயராகக் கொள்வது. எந்தச் செய்திக்குழுப் படிநிலையில் எந்தக் குறியேற்றம் வழக்கம் என்னும் பட்டியல் மென்பொருளிலேயே சேர்க்கப்பட்டது. 'எஃப்.ஜே.' குழுக்களுக்கு ஜப்பானியம். 'ரெல்காம்' குழுக்களுக்குக் கே.ஓ.ஐ.8, ஹாங்காங், தைவான் குழுக்களுக்குப் பிக்-5. பெயர்க்குறிப்பு இல்லாத செய்தி இப்பட்டியலின்படி படிக்கப்படும். எழுதும்போதும் குழுவின் வழக்கம் மதிக்கப்பட்டது; ரஷ்யக் குழுக்களுக்குச் செல்லும் தலைப்பு வரிகள் மறுகுறியேற்றமின்றி அனுப்பப்பட்டன. மேலும், 'அறியப்படாத எட்டு பிட்' போன்ற பயனற்ற பெயர்க்குறிப்புகளைப் புறக்கணிக்கவும், தவறான குறிப்பை மறுத்துப் படிப்பவரே ஒரு குறியேற்றத்தைத் தெரிவுசெய்து செய்தியை மீண்டும் காணவும், மூல வடிவத்தை அப்படியே பார்க்கவும் கட்டளைகள் தரப்பட்டன. மூலம் தனியே பேணப்பட்டதாலேயே இத்திருத்தங்கள் இயன்றன.

தமிழின் நிலை

மேற்கண்ட பட்டியலில் தமிழுக்கு இடமில்லை. யூஸ்நெட்டில் தமிழருக்கென சோக்.கல்ச்சர்.தமிழ் என்னும் குழு இருந்தும், அங்கே தமிழ் பெரும்பாலும் ரோமன் எழுத்திலேயே எழுதப்பட்டது. 1990களில் தோன்றிய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துருவில் எழுதிய செய்தி, செய்திபடிப்பியின் பார்வையில் ஆங்கில எழுத்துகளின் கோவையே. எந்த எழுத்துரு என்பதை எழுதியவரும் படிப்பவரும் வேறு வழியில் அறிந்திருக்க வேண்டும்.

திஸ்கி என்னும் எட்டு பிட் தமிழ்க் குறியேற்றம் இக்குறையின் ஒரு பாதியை நீக்கியது. அதன் முதற்பாதி ஆஸ்கி, மறுபாதி தமிழ். ஆகவே ஆங்கிலமும் தமிழும் ஒரே செய்தியில் கலவாமல் நின்றன. ஆனால் திஸ்கியின் பெயர், இணைய எண்கள் வழங்கும் அமைப்பான ஐயானாவின் எழுத்துத்தொகுதிப் பட்டியலில் பதிவானது 2007இல்தான். அதுவரை திஸ்கிச் செய்தியில் முறைப்படி இடத்தக்க பெயர்க்குறிப்பு இல்லை. மேற்கு ஐரோப்பியத் தொகுதியின் பெயரையோ, 'பயனர் வரையறுத்தது' என்னும் பொதுப்பெயரையோ இட்டு அனுப்புவதே வழியாயிற்று. முதலாவது பொய்; இரண்டாவது எதையும் கூறாதது. ஜப்பானியத்துக்கு மைம் வந்த ஓராண்டில் கிடைத்த பெயர், திஸ்கிக்குப் பதினைந்தாண்டுகள் கழித்துக் கிடைத்தது. அப்போது தமிழ்ச் சமூகம் ஒருங்குறிக்கு மாறத் தொடங்கியிருந்தது.

ஒருங்குறித் தமிழுக்கு யூ.டி.எஃப்.-8 என்னும் பெயர் ஆயத்தமாக இருந்தது. ஆயினும் சுமை கூடியது. தமிழின் ஒவ்வொரு குறியிடமும் யூ.டி.எஃப்.-8இல் மூன்று பைட்டுகள் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியிடங்கள் உள்ளன. ஆகப் பதினைந்து பைட்டுகள். அடிப்படை-64இல் அது 20 எழுத்துகளாகும். கோட்டட்-பிரின்டபிளில் 45 எழுத்துகளாகும். தலைப்பு வரியில் ஒரு குறியேற்றச் சொல் 75 எழுத்துகளுக்கு மேற்படலாகாது என்பது விதி. குறியேற்றத்தின் பெயருக்கும் எல்லைக் குறிகளுக்கும் 12 எழுத்துகள் போக, அடிப்படை-64இல் 60 எழுத்துகளே பயன்படும். அதில் தமிழின் 15 குறியிடங்கள் அடங்கும். சற்றே நீண்ட தமிழ்த் தலைப்பும் இரண்டு, மூன்று துண்டுகளாகப் பிரிந்தே பயணம் செய்ய வேண்டும். உயிர்மெய்யின் மெய் ஒரு துண்டின் இறுதியிலும் அதன் உயிர்க்குறி அடுத்த துண்டின் முதலிலும் நிற்கக்கூடும். துண்டுகளை இணைத்தபின் காட்டும் செய்திபடிப்பியில் எழுத்து முழுமையாகும். தனித்தனியே காட்டுவதில் சிதையும்.

பெயரும் பயணமும் சரியான பின்னும் வரிவடிவம் எஞ்சியது. திஸ்கியில் எகரக் கொம்பு மெய்க்கு முன்னே சேமிக்கப்படும். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னே சேமிக்கப்பட்டு, காட்டும்போது முன்னே வர வேண்டும். மூலமும் காட்சியும் வேறு என்னும் கோட்பாடு இங்கே எழுத்தின் அளவிலேயே தேவைப்பட்டது. இதைத் தீர்ப்பதில் மியூல் குழுவினரே மீண்டும் பங்கேற்றனர். அவர்கள் உருவாக்கிய எம்17என் நூலகம் இந்திய எழுத்துகளின் வரிவடிவமைப்பையும் உள்ளீட்டு முறைகளையும் வழங்கியது. 2009இல் ஒருங்குறியை அகவடிவமாக ஏற்று வெளிவந்த ஈமாக்ஸ் 23 அந்நூலகத்தைப் பயன்படுத்த வல்லதாயிற்று. லினக்ஸ் கணினிகளில் தமிழர் பயன்படுத்தும் விசைப்பலகை முறைகள் பலவும் அந்நூலகத்தின் வழியாகவே இன்றும் கிடைக்கின்றன. அதே 2009 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 5536, மைமை உள்ளடக்கிய புதிய செய்தி வடிவத்தை வகுத்து 1987ஆம் ஆண்டின் வரையறைக்கு ஓய்வளித்தது.

முடிவுரை

க்னூஸின் வரலாறு மூன்று நிலைகளைக் காட்டுகிறது. முதல் நிலையில் சமூக வழக்கமே செய்தியின் மொழியைத் தீர்மானித்தது. இரண்டாம் நிலையில் ஆங்கிலம் அல்லாதவை அனைத்தும் புறநிரல்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்றாம் நிலையில் மூலமும் காட்சியும் பிரிக்கப்பட்டு, எல்லா மொழிகளும் ஊடகங்களும் ஒரே பொறிக்குள் வந்தன. இம்மாற்றத்தை ஏற்படுத்தியவர்களுள் பெரும்பாலோர் தம் தாய்மொழியை ஏழு பிட்டுக்குள் அடக்க இயலாதவர்கள்.

இவ்வரலாறு தமிழ் ஆவணக்காப்புக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. பெயர்க்குறிப்பின்றி எழுத்துருக் குறியேற்றங்களில் எழுதப்பட்ட 1990களின் தமிழ்ச் செய்திகளும் மடல்களும் பைட்டுகளாக எஞ்சியிருக்கலாம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பின் மூலத்தை அழித்துவிட்டால், மாற்றத்தில் நேர்ந்த பிழையைத் திருத்த வழியிராது. மூலத்தை மாற்றாமல் வைத்து, எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்னும் குறிப்பை அதனருகே பதிந்து, காட்சி வடிவத்தைத் தனியே உருவாக்குவதே பாதுகாப்பான முறை. அவ்வெழுத்துருக்களின் பெயர்களை நினைவிற்கொண்டோர் இருக்கும்போதே அப்பதிவு நிகழ்தல் வேண்டும்.